எண்ணி முடியாத கட்டு

முப்பத்தொரு வருடம் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும்
வலது கட்டைவிரல்
ஆள்காட்டி விரலை உரசி உரசி
யாருடைய பணத்தையோ எண்ணிக்கொண்டிருக்கிறது.

“இன்னும் கவுண்டர்லயே இருக்கிற நெனப்பா, காந்திமதி?”
காரைக்குடிச் சந்தையில் பாண்டிச்செல்வி சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
என் முகமும் சிரித்ததா, தெரியாது.
இப்போதெல்லாம் அதற்குத் தகவல் தாமதமாகத்தான் போகிறது.

மதுரை டாக்டர் படம் வரைந்து விளக்கினார்.
மூளையில் ஏதோ ஒரு சுரப்பு, கையிருப்பு குறைகிறதாம்.
எனக்குப் படம் தேவைப்படவில்லை.
வரவு இல்லை, செலவு நிற்கவில்லை,
நாளைக்கு நான்கு மாத்திரை கைமாற்று.

கோட்டையூரில் பெரிய வீட்டின் பின்கட்டில்
வாடகைக்கு இருக்கிறோம்.
வீட்டுக்காரர்கள் பெனாங்கில்.
தெருவாசலிலிருந்து எங்கள் அடுப்படிவரை ஏழு நிலை,
நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில்.
வருகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள்.
நானும் ஒவ்வொன்றிலும் நிற்கிறேன்.
முகப்பில் ஆத்தங்குடிக் கல்,
பூவுக்குப் பூ கால் வைத்து
ஓடாத குறையாகப் போய்விடுவேன்.
அதைத் தாண்டி வெறும் சிமெண்டுத் தரை,
ஒரு நிலைப்படி,
அவ்வளவுதான்,
யாரோ என் கணக்கை முடக்கிவிடுவார்கள்.
பின்னால் தண்ணீர்க்குடத்தோடு குழந்தைவேலு:
“போறியா, நான் முன்னால போகட்டா?”

பிசியோதெரபி ரெஜினா கைபேசியில் பாடம் அனுப்பினாள்.
தாய் சி என்றாள்.
என் காதில் தாச்சி என்று விழுந்தது.
ஓடிவந்து அதைத் தொட்டுவிட்டால்
யாரும் நம்மை அவுட் ஆக்க முடியாதே, அந்தத் தாச்சி.

மொட்டைமாடி. காலை ஆறு நாற்பது.
முதல் மாத்திரை வந்து கையெழுத்துப் போட்ட பிறகு
மேகத்தைப் போல் கைகளை நகர்த்துகிறேன்.
ஆனி மாத வானத்தில் பார்த்துச் செய்ய மேகம் இல்லை.
கை போகிறது, இடமிருந்து வலம்,
சேலைக்குக் கஞ்சி போட்டு விரிக்கிற மாதிரி.
போகும்போது நடுங்கவில்லை.
மடியில் வைத்தால்தான் நடுக்கம்.
சும்மா இருப்பது சுகம் என்பார்கள்.
எனக்குச் சும்மா இருப்பதுதான் நோய்.

அடுத்தது, குரங்கை விரட்டல்.
ஒரு கை முன்னே தள்ள, ஒரு கால் பின்னே போகும்.
போன ஐப்பசியில் பின்னால் சாய்ந்து
மாவுச்சட்டியோடு விழுந்தவள் நான்.
பதினெட்டு நாள் இதை மட்டும் தள்ளிவிட்டுச் செய்தேன்.
பத்தொன்பதாம் நாள்
கைப்பிடிச் சுவரில் நிஜமாகவே ஒரு குரங்கு,
பக்கத்து மாடிக் கூழ்வற்றலைக் கடித்தபடி.
கையை நீட்டினேன்.
ஏதோ தரப்போகிறேன் என்று அதுவும் நீட்டியது.
தரவில்லை. விரட்டவும் தெம்பில்லை.
ஒரு அடி பின்னால்.
இன்னொன்று.
மூன்றாவதில் குதிகால் கொஞ்ச நேரம் தரையைத் தேடியது.
கிடைத்தது.
அதற்குள் குரங்கு அலுத்துப்போய்
வற்றலோடு கிளம்பிவிட்டது.
“மேல என்ன சத்தம்?”
“ஒண்ணுமில்ல, விரட்டியாச்சு.”

இதெல்லாம் காலை நேரத்துக் கதை.
இரவு இரண்டரைக்கு
எந்த மாத்திரையும் பணியில் இருக்காது.
கழிவறைக்குப் போகிற வழியில்
ஆறாவது நிலை.
கால்கள் ஒட்டிக்கொண்டன.
இடது காலில் இருக்கிற என்னை
வலது காலுக்கு ஊற்றினேன், மெதுவாக.
திரும்ப இடதுக்கு.
குடத்திலிருந்து குடத்துக்கு, சிந்தாமல்.
சில இரவு இதிலேயே கால் எழுந்துவிடும்.
இன்று எழவில்லை.

நிலைக்கட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன்.
பழைய தேக்கு, இந்த வெயில்காலத்திலும் குளிர்ச்சி.
தாச்சி.
இருட்டில் மற்ற கை
தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது.
அவர் புரண்டு படுக்கிற சத்தம்.
“லைட்டப் போடவா?”

“வேணாம்.
எண்ணிட்டு வர்றேன்.”